சங்கத்தின் சிறுநீரை யார் சோதிப்பது?

பந்தல்குடியில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் படிக்கிறவன். அரசு கொடுத்த இலவச சைக்கிளில் அருப்புக்கோட்டைக்கும் ஊருக்குமாக மிதித்து மிதித்துக் காலில் வலு ஏறியவன். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் தூசி, கரிசல்காட்டு வெயில், ஆடிக் காற்று எல்லாம் அவனுக்குப் பழக்கம். செப்டம்பரில் அண்ணா பிறந்த நாளையொட்டி தமிழக அரசு மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறதே, அதில் கலந்துகொள்கிறான். கியர் சைக்கிள் கூடாது, நம் நாட்டில் செய்த சாதாரண சைக்கிள்தான் என்பது விதி. பையன் 20 கிலோமீட்டரை முதலாவதாக முடித்து 5,000 ரூபாய் வாங்கிவிடுகிறான்.

"பையனை மேல்கொண்டு பயிற்சிக்கு அனுப்புங்க அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் அவன் அப்பா என்ன சொல்வார்? "சைக்கிள் ரேஸுன்னாலே ஊசி போடுறாங்களாம்ல, நமக்கு எதுக்குப்பா அது?"

நியாயமான பயம்தான். ஆனால் இதில் பாதிக் கேள்விதான் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டவர்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவர்கள் போட்டுக்கொள்வது தெரிந்தும் வேறு பக்கம் பார்த்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆனது? இதை யாரும் கேட்பதில்லை. சைக்கிள் பந்தயத்தின் கதையைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் இந்த மீதிப் பாதி புரியும்.

பார்க்கத்தான் அது தனி ஆள் விளையாட்டு. உண்மையில் கூட்டு விளையாட்டு. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற பையன்களுக்கு ரகசியம் தெரியும் (தம்பிகளா, தயவுசெய்து செய்யாதீர்கள்). முன்னால் ஒருவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவனுக்குப் பாடு குறையும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஓர் அணிக்கு எட்டு பேர், முன்பெல்லாம் ஒன்பது. அவர்களில் ஒருவரை ஜெயிக்க வைக்க மற்றவர்கள் மூன்று வாரம் காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் போவார்கள். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நடுவில் ஆல்ப்ஸ் மலை, பிரனீஸ் மலை. ஆகவே மருந்தும் அங்கே தனி ஆள் சமாச்சாரமாக இருந்ததில்லை. 1998 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸுக்குள் நுழைந்த ஒரு காரைச் சுங்க அதிகாரிகள் மடக்கினார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகள். காரை ஓட்டிவந்தது பந்தய வீரர் அல்ல. ஃபெஸ்டினா என்ற அணிக்கு மசாஜ் செய்கிற வில்லி வோ. அணியே ஏற்பாடு செய்து கொடுத்த மருந்து.

அந்தக் காலத்தின் முக்கிய மருந்து ஈ.பி.ஓ. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ரத்தம் ஊற அந்த ஊசியைப் போடுவார்கள். நோயாளிக்கு அது உயிர் காக்கும் மருந்து. நல்ல உடம்புக்காரன் போட்டுக்கொண்டால் சிவப்பணுக்கள் பெருகும், தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போகும், மலை ஏறும்போது மூச்சு வாங்காது. ரத்தம் கெட்டியாகி இதயம் நிற்கும் ஆபத்தும் கூடவே வரும்.

உலக சைக்கிள் சங்கம் (யூ.சி.ஐ.) இதற்கு என்ன செய்தது? 1997ல் ஒரு விதி கொண்டுவந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 சதவிகிதத்தைத் தாண்டினால் 15 நாள் ஓட்டக் கூடாது. குற்றம் கிடையாது, தடை கிடையாது, உடல்நலம் கருதி ஓய்வு! ஈ.பி.ஓ.வை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த விதியை வீரர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று! குடித்துவிட்டு வண்டி ஓட்டலாம், ஆனால் தள்ளாடக் கூடாது என்பது மாதிரியான சட்டம்.

அடுத்து ஆர்ம்ஸ்ட்ராங். புற்றுநோயை ஜெயித்துவிட்டு 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர். 2012ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆதாரங்களோடு அறிக்கை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் டி.வி.யில் ஓப்ரா வின்ஃப்ரே முன்னால் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை 2015 மார்ச்சில் வந்த இன்னோர் அறிக்கையில் இருக்கிறது. சங்கமே நியமித்த தனி விசாரணைக் குழுவின் அறிக்கை அது. 1999ல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிசோன் வகை மருந்து தென்பட்டபோது, சைக்கிள் சீட் உரசியதால் வந்த புண்ணுக்குக் களிம்பு தடவினேன் என்று முன்தேதியிட்ட டாக்டர் சீட்டைக் காட்டினார். சங்கம் ஏற்றுக்கொண்டது. 1999 மாதிரிகளில் ஈ.பி.ஓ. இருந்ததாக 2005ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை எழுதியது. அதை விசாரிக்கச் சங்கம் ஒரு வக்கீலை நியமித்தது. அவருடைய அறிக்கையை எழுதுவதில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வக்கீலுக்கே பங்கு இருந்திருக்கிறது! 2008ல் ஓய்விலிருந்து திரும்ப வந்தார். ஆறு மாதம் சோதனைப் பட்டியலில் இருந்தால்தான் போட்டியில் இறங்கலாம் என்பது விதி. ஆஸ்திரேலியப் பந்தயத்துக்கு அவருக்கு 13 நாள் குறைந்தது. சங்க ஊழியர்கள் வேண்டாம் என்றார்கள். அயர்லாந்துக்காரரான தலைவர் பாட் மெக்வைட் அனுமதித்தார். அதே சமயத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் அயர்லாந்துப் பந்தயத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். அதை நடத்தியவர்கள் மெக்வைடுக்குத் தெரிந்தவர்கள்.

இந்த நட்புக்கு நடுவில் ஆர்ம்ஸ்ட்ராங் சங்கத்துக்கு இரண்டு தவணையில் மொத்தம் 1,25,000 டாலர் நன்கொடை கொடுத்திருக்கிறார். எதற்கு? ஊக்கமருந்தை ஒழிக்க! லஞ்சம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது விசாரணைக் குழு. சரி, லஞ்சம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சோதனைக்கு உட்பட வேண்டியவனிடமே சோதிக்கிறவர் காசு வாங்கலாமா? லேப் கட்டணத்தை எதிரி கொடுக்கிற போலீஸ் ஸ்டேஷனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அப்போது தலைவராக இருந்த ஹெய்ன் வெர்பர்கன் ஒலிம்பிக் கமிட்டியில் பெரிய ஆள், 2008 பீஜிங் ஒலிம்பிக் ஏற்பாடுகளை மேற்பார்வையிட்டவர். அவருக்கு ஒரு நாள் தடைகூட வந்ததில்லை. மெக்வைட் 2013 செப்டம்பரில் மறுபடி தேர்தலில் நின்றார். சொந்த நாட்டுச் சங்கமான அயர்லாந்து அவரை முன்மொழியவில்லை. சுவிட்சர்லாந்து முன்மொழிந்துவிட்டுப் பின்வாங்கியது. மொராக்கோவும் தாய்லாந்தும் முன்மொழிந்திருந்தன. (கூட்டுறவுச் சங்கத் தேர்தல் பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதா என்ன?) அப்படியும் 24க்கு 18 என்று தோற்றார். தோற்றார், அவ்வளவுதான்.

கிறிஸ்தோஃப் பசோன்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மருந்து வேண்டாம் என்று சொன்ன பிரெஞ்சு வீரர். 1999 டூரில் ஓட்டிக்கொண்டே ஒரு பத்திரிகைக்குப் பத்தி எழுதினார். இந்த வேகம் நம்பும்படியாக இல்லை என்கிற தொனியில். ஆல்ப்ஸ் மலையேறும் நாளில் ஓட்டத்தின் நடுவே ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். சக வீரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். சொந்த அணியும் கைவிட்டது. சில நாளில் மூட்டை கட்டிவிட்டார். சங்கம் அவரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2012ல் ஒரு மலை சைக்கிள் போட்டியிலிருந்து பாதியில் விலகி வீட்டுக்குப் போனதால் சோதனைக்கு வரத் தவறினார் என்று அவருக்கு ஒரு வருடத் தடை விதித்தார்கள். பிறகு ஒரு மாதமாகக் குறைத்தார்கள். மருந்தே தொடாத மனிதருக்குக் கிடைத்த தண்டனை, சங்கத் தலைவர்களுக்குக் கிடைத்ததைவிட ஒரு மாதம் அதிகம்.

சங்கத்தின் கையிலிருந்து தராசைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே விளையாட்டில் சாட்சி இருக்கிறது. 2008ல் சங்கத்துக்கும் டூர் டி பிரான்ஸை நடத்தும் கம்பெனிக்கும் யார் பெரியவர் என்று சண்டை. (மருந்துக்காகச் சண்டை போடவில்லை, அதிகாரத்துக்காக.) அதன் விளைவாக அந்த ஆண்டு மட்டும் டூர் உலக சங்கத்தின் கீழ் நடக்கவில்லை. சோதனையைப் பிரெஞ்சு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு செய்தது. இத்தாலிய நட்சத்திரம் ரிக்கோ பந்தயத்தின் நடுவிலேயே மாட்டினார். மூன்றாவதாக வந்த பெர்ன்ஹார்ட் கோல் பிறகு மாட்டினார். கண்டுபிடிக்கவே முடியாது என்று நம்பப்பட்ட புதுவகை ஈ.பி.ஓ. கடைக்காரனே எடைக்கல்லுக்கு முத்திரை குத்தாத ஒரே வருஷம் அது!

அது ஐரோப்பா கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவை நினைவிருக்கிறதா? 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசியப் போட்டியில் 800 மீட்டர் தங்கம். மாட்டுக்கு வைத்ததைத் தான் சாப்பிட்டு எனக்குச் சோறு போட்டார் அப்பா என்று அவர் சொன்னபோது தமிழ்நாடே கலங்கியது. கட்சிகள் போட்டி போட்டு லட்சங்களை அறிவித்தன. மே மாதம் செய்தி வந்தது: ஊக்கமருந்து. 2020ல் நான்கு வருடத் தடை, பதக்கமும் போயிற்று. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார். யார் கேட்டார்கள்?

இதில் ஒரு தேதியைக் கவனியுங்கள். அவருடைய மாதிரியில் முதன்முதலில் மருந்து தென்பட்டது தோகாவில் அல்ல. அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 18ல், பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியில். முடிவு கைக்கு வருவதற்குள் அவரை விமானம் ஏற்றி, ஓடவிட்டு, மாலை போட்டு முடித்துவிட்டோம். ஒரு மாதம் அந்தக் குப்பி எங்கே தூங்கியது? தூங்க வைத்தவருக்கு எத்தனை வருடத் தடை? அதே ஆண்டு ஆகஸ்டில் நம் டெல்லி பரிசோதனைக் கூடத்தையே தரம் போதாது என்று உலக அமைப்பு (வாடா) நிறுத்திவைத்தது. 2021 டிசம்பர் வரை நம் மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போயின. பரிசோதனைக் கூடமே தேர்ச்சி பெறவில்லை. ஆனால் ஓடியவள் மட்டும் குற்றவாளி.

2011ல் இன்னும் மோசம். முந்தின வருடம் காமன்வெல்த், ஆசிய விளையாட்டு இரண்டிலும் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய மந்தீப் கௌர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி உட்பட ஆறு பெண்கள் மாட்டினார்கள். பயிற்சியாளர் வாங்கிக்கொடுத்த ஜின்செங் மாத்திரையால் வந்தது என்றார்கள். உக்ரைன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெண்களுக்கு இரண்டு வருடத் தடை. சங்கத்தில் யாருக்கு என்ன தடை?

மருந்து எடுத்தவரை விட்டுவிடச் சொல்லவில்லை. பக்கத்து லேனில் மருந்தில்லாமல் ஓடி நான்காவதாக வந்த பெண்ணுக்கு அது துரோகம். தண்டியுங்கள். ஆனால் தண்டனை ஓடுகிற காலோடு நின்றுவிடுகிறதே, அதுதான் கேள்வி.

வாடா கணக்குப்படி 2024ல் இந்தியாவில் சோதித்த மாதிரிகள் 7,113. மாட்டியவை 260. நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். அதிகமாகச் சோதிக்கும் நாடுகளில் இதுதான் மிக உயர்ந்த விகிதம். சோதனையை அதிகப்படுத்தியிருக்கிறோம், அதனால் அதிகம் பேர் மாட்டுகிறார்கள் என்கிறது அரசுத் தரப்பு. விகிதம் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநில தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓட ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். மற்றவர்களைக் காணோம்! மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன.

நம் சைக்கிள் சங்கம் மட்டும் என்ன? 2022 மே மாதம் ஸ்லோவேனியா பயிற்சி முகாமுக்கு இந்திய அணியில் ஒரே ஒரு பெண்ணை அனுப்பினார்கள். தலைமைப் பயிற்சியாளரின் அறையிலேயே தங்கச் சொன்னார்கள் என்றும், அவர் தவறாக நடந்தார் என்றும் அந்தப் பெண் புகார் செய்தார். விளையாட்டு ஆணையம் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கூட ஒரு பெண் துணைகூட இல்லாமல் அனுப்பிவைக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? பந்தல்குடி அப்பாவுக்குப் பெண் பிள்ளை இருந்தால் ஊசிக்கு முன்னால் இதைத்தான் கேட்பார்.

டெல்லியில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2022ல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்தது. நாடாவை மேற்பார்வையிட அரசு நியமிக்கும் ஒரு வாரியத்தை அதன் தலையில் உட்கார வைத்தார்கள். இது அரசுத் தலையீடு என்று வாடா ஆட்சேபித்த பிறகு, 2025ல் திருத்தம் கொண்டுவந்து அந்த அதிகாரத்தை எடுத்தார்கள். வெளியிலிருந்து மிரட்டினால்தான் நமக்குக் காது கேட்கிறது. அதே 2025ல் வந்த விளையாட்டு நிர்வாகச் சட்டத்தில், அரசுப் பணம் வாங்காத சங்கங்களைத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். யாருக்காக என்று கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மாதிரி எடுத்த தேதி, ஆய்வுக்கூடத்துக்குப் போன தேதி, முடிவு வந்த தேதி, வீரருக்கும் சங்கத்துக்கும் தெரிவித்த தேதி: நான்கையும் ஒவ்வொரு வழக்கிலும் வெளியிடுங்கள். தேசிய முகாமில் இருக்கும்போது ஒருவர் மாட்டினால், முகாமின் டாக்டரும் பயிற்சியாளரும் அவர்களை நியமித்த சங்க நிர்வாகியும் விசாரணை முடியும்வரை பதவியிலிருந்து ஒதுங்கட்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மாட்டினால் முதல் வழக்கு, மருந்தைக் கையில் கொடுத்தவர் மீது. சோதனை நடத்தும் அமைப்பில் எந்தச் சங்கத்துக்காரருக்கும் நாற்காலி வேண்டாம்.

உலக சைக்கிள் சங்கம் கடைசியில் இதைத்தான் செய்தது. சோதனை வேலையை 2021 ஜனவரியிலிருந்து சர்வதேச சோதனை முகமையிடம் ஒப்படைத்துவிட்டது. போதை மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏறிய டாம் சிம்சன் என்ற ஆங்கிலேயர், டூர் டி பிரான்ஸில் நடுரோட்டில் விழுந்து செத்தது 1967 ஜூலையில். அவர்களுக்கு இடையில் 53 வருடம் ஆனது.