கழற்றும் முன் காது கொடுங்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைத் தம்பிகள், "வாழ்க்கையில் முன்னேற வழின்னு ஏதாவது எழுதுங்கண்ணே" என்றார்கள். அதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது காரின் அடிப்பகுதி. ஆகவே ஒரு சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1998-ஆம் ஆண்டு. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ கடைசி வருடம். அப்பா டாக்சி ஸ்டாண்டில் 1984 மாடல் அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் உலை கொதித்ததும் நான் பீஸ் கட்டியதும் அந்த வண்டியால்தான். ஒருநாள் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். பள்ளத்தில் இறங்கினால் சத்தம், பிரேக் பிடித்தால் சத்தம். நிறுத்தினால் வலது முன்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்கும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. கிங்பின் செட் மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. "வண்டி உட்கார்ந்திருக்கு" என்று வலது பக்க டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றினார்கள். வண்டி மட்டமாக நின்றது. ஆனால் இரண்டே மாதத்தில் வலது முன் டயர் ஒரு ஓரமாக வழித்தெடுத்தது போல் தேய்ந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது! இதற்குள் அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போய்விட்டன.

ஒரு ராத்திரி அப்பா கேட்டார்: "ஏண்டா, மூணு வருஷமா கார் படிப்புதானே படிக்கிறே? இது என்ன சத்தம்னு சொல்லேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சேஸிஸ் பேப்பரில் 84 மார்க் வாங்கியவன். அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீளமான இரும்புத் தண்டு முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று படம் வரைந்து பாகங்களைக் குறிப்பேன். ஆனால் அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் எது கத்துகிறது என்று கேட்டால் வாய் அடைத்துவிட்டது. அன்றைய வெட்கம் இன்றும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். முதல் ஒரு மணி நேரம் அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிக்கியைக் காலி செய்து, நாலு டயருக்கும் காற்றைச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு முன் கிராஸ் மெம்பரின் நட்ட நடுவில் ஜாக்கி கொடுத்து, பாதுகாப்புக்குக் கட்டை வைத்துவிட்டு, முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பும்வரை ஏற்றினார். "பின்னாடி போய் நின்னு பாரு தம்பி" என்றார். வண்டி வலது பக்கம் சாய்ந்திருந்தது! முன்பக்கத்தை ஒரே புள்ளியில் தாங்கியிருக்கும்போது வண்டி சாய்ந்தால், குற்றம் பின்பக்கத்தில்தான். வலது பின்பக்கத்தில் சேற்றையும் கிரீசையும் சுரண்டிப் பார்த்தோம். சென்டர் போல்ட் அருகே ஒரு பட்டை கட். தாழ்வு முன்னால் தெரிந்தது, காரணம் பின்னால் இருந்தது. முன்னால் முறுக்கி ஏற்றியதால் அந்தச் சக்கரத்தில் பாரம் கூடியது, சாய்வு மாறியது, டயர் தேய்ந்தது. குறை மறைந்ததே தவிர தீரவில்லை.

அடுத்தது சத்தம். ஜாக்கியில் நின்றபோதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் என்று விளக்கினார். இரு பக்கமும் பிடித்து ஆட்டி டை ராட் எண்டையும் பார்த்தார். பிறகு வண்டியை இறக்கி, நாலு பேரை மட்கார்டை அமுக்கி விடச் சொல்லி, என் கையைக் கீழ் ஆர்மின் உள்முனையில் வைத்தார். 'டக்!' உள்ளங்கையில் அடித்தது. ரப்பர் புஷ் நைந்து இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருந்தது.

"ஒர்க்‌ஷாப்பில் ஏன் சார் கண்டுபிடிக்கலை?"

"ஜாக்கியில தூக்கிப் பார்த்திருப்பாங்க. தூக்கினா அந்தப் பாரம் புஷ்ஷுல இருக்காது, சத்தமும் வராது. சத்தம் எந்த நிலைமையில வருதோ, அந்த நிலைமையில பார்க்கணும்."

புது புஷ் போட்டபோது, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கினார். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். டார்ஷன் பாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அதை இடம் வலம் மாற்றிப் போடக்கூடாது, ஒரு பக்கம் முறுகிப் பழகியதை எதிர்ப்பக்கம் முறுக்கினால் உடையும் என்றும் சொன்னார். பட்டைக்கும் புஷ்ஷுக்கும் ஆன செலவு, அதுவரை வீணாய்ப் போனதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

அந்த மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். புதுப் பார்ட்ஸ் போட்டால் காசு கொடுக்கிறோம். அரை மணி நேரம் குனிந்து பார்த்து, "இதை மாற்ற வேண்டாம்" என்று சொன்னால் யார் காசு கொடுக்கிறோம்? அதனால்தான் அவர் கையும் முதலில் ஸ்பேனருக்குப் போகிறது. நம் படிப்பும் அதே வழிதான். கழற்றி மாட்டினால் மார்க் உண்டு. கண்டுபிடித்தால் மார்க் உண்டா?

"இப்பதான் ஸ்கேனர் வந்துடுச்சே" என்பீர்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது, உண்மை. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அதிலும் ஸ்ட்ரட் மவுண்ட், ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் என்று கத்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நைந்த ரப்பர் புஷ்ஷை எந்த ஸ்கேனரும் காட்டாது. அங்கே கண், காது, கை, டேப் இவைதான் கருவி.

ஆகவே பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். லேபில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய காராவது வேண்டுமென்று கேளுங்கள். அதில் ஆசிரியர் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும். காரணத்தைச் சொல்லி நிரூபித்த பிறகே மாணவன் ஸ்பேனரைத் தொடட்டும். மார்க் அதற்குத்தான்!

அன்று மாலை அப்பா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "உங்க சார் எவ்வளவு கேட்டார்?"

"ஒண்ணும் வாங்கலைப்பா."

"அது தப்புடா. கண்டுபிடிச்சதுக்குத்தானே காசு குடுக்கணும்" என்று சட்டைப் பையில் கையை விட்டார்.

வளையலில் ஒன்றை மீட்டோம். மற்றொன்று மூழ்கிப் போனது. நான் கற்ற பாடத்துக்கு அம்மா கட்டிய பீஸ் அது. நீங்கள் அவ்வளவு கட்ட வேண்டாம் என்பதற்காகவே எழுதினேன்.

— முன்னாள் மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு