ஒயின் குடிச்சா அது குடி இல்லையா?



என் காலேஜ் நண்பன் ஒருத்தன். "குடிப்பியாடா"ன்னு கேட்டா, "சேச்சே, அந்தப் பழக்கமே இல்ல. பார்ட்டில ஒயின் மட்டும்தான்"னு சொல்வான். போன மாசம் ஆபீஸ் பார்ட்டி முடிஞ்சு பைக்ல வந்தப்ப போலீஸ் ஊதச் சொல்லியிருக்காங்க. "சார், ஒயின்தான் சார்"னு கெஞ்சியும் கேஸ் போட்டுட்டாங்க.

போட்டது சரிதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்று மட்டும்தான் மோட்டார் வாகனச் சட்டம் பார்க்கிறது. எந்த பாட்டிலில் இருந்து வந்தது என்று கேட்பதில்லை. நம்ம கல்லீரலும் கேட்பதில்லை.

இன்ஜினியரிங் படிச்சதுக்கு இந்தக் கணக்காவது போடுவோம். ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி. ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி, 13 சதவீதம்னு வைங்க. 97.5 மில்லி! முழு பாட்டிலை ஒரே ஆள் குடிச்சா குவார்ட்டரைத் தாண்டிட்டார். நிஜமான பிராந்தி என்பதே ஒயினைக் காய்ச்சி வடித்ததுதான்.

ஒயினைச் சாப்பாட்டோடு மெதுவா குடிக்கிறாங்க, அதனால போதை மெதுவா ஏறுது. அது உண்மை. ஆனா அது குடிக்கிற விதத்தில் உள்ள வித்தியாசம், சரக்கில் இல்லை.

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சு 1991-ல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அளவா ஒயின் குடித்தவர்களில் பலர் வசதியானவர்கள், நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள் என்பது பின்னாடிதான் பேசப்பட்டது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஒயினுக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை.

அப்புறம் ஏன் இந்த மரியாதை? குவார்ட்டர் வாங்குறவர் லுங்கி கட்டியிருக்கார், ஒயின் குடிக்கிறவர் கோட்டு போட்டிருக்கார். அவ்வளவுதான். முதலாமவர் "குடிகாரன்", இரண்டாமவர் "ரசனைக்காரர்".

இது வெறும் பேச்சோட நிற்கிற விஷயம் இல்லை. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு வந்தபோது ஆளுங்கூட்டணியில் இருந்தே "ஒயின் மது இல்லை" என்று பதில் வந்தது. காரணமாகச் சொன்னது திராட்சை விவசாயிகளை. ஆனா நாசிக் பக்கம் விளைவதில் பெரும்பகுதி சாப்பிடுற திராட்சை, ஒயினுக்கானது தனி ரகம்.

நம்ம கம்பம் பன்னீர் திராட்சை விவசாயி பேரைச் சொல்லி நாளைக்கு இங்கேயும் இதே வாதம் வரலாம். வந்தா கேளுங்க: அவருக்குக் குளிர்பதனக் கிடங்கு எங்கே? கட்டுபடியாகும் விலை எங்கே? அதைக் கொடுக்காம, அரிசி பருப்பு வாங்கப் போற கடையில, குழந்தைங்க கைக்கு எட்டுற ஷெல்ஃபில பாட்டிலை அடுக்கிவிட்டு "இது சரக்கு இல்ல"ன்னு சொன்னா, மேலே உள்ள கணக்கை எடுத்துக் காட்டுங்க.

நண்பன் இன்னும் ஒத்துக்கலை. அபராதம் கட்டிய ரசீதை மட்டும் பர்ஸில் வெச்சிருக்கான்.

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு