பொதுப்பணத்தில் ஒரு நூல்நிலையம்

ஓர் ஊர் தனது பணத்தை எதற்குச் செலவிடுகின்றது என்பதைக் கொண்டே அவ்வூரின் தகுதியை அளவிடலாம். வீதிக்கும் விளக்குக்கும் குடிநீருக்கும் பணம் ஒதுக்குதல் கடமையென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் நூல்கள் என்றதும், "மீதியிருந்தால் பார்ப்போம்" என்ற பேச்சே எழுகின்றது. இம்மனப்பான்மை அடியோடு மாறவேண்டும் என்பது எமது உறுதியான கருத்தாகும். இதன் பொருட்டு, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் சிற்றூரொன்று செய்த காரியத்தை வாசகர் முன் வைக்கின்றோம்.

நியூ ஹம்ப்ஷயர் இராச்சியத்திலுள்ள பீற்றர்பரோ அக்காலத்தில் சுமார் 2,000 மக்களைக் கொண்ட ஊர். உழவரும் பருத்தி ஆலைத் தொழிலாளரும் அங்கு வாழ்ந்தனர். பெருஞ்செல்வரின் கொடையோ பல்கலைக்கழகமோ அவ்வூருக்கு வாய்த்திருக்கவில்லை. 1833 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி கூடிய ஊர்க்கூட்டத்தில், பொதுநிதியின் ஒரு பகுதியைக் கொண்டு நூல்கள் வாங்குவதென்றும், அவற்றை ஊரவர் யாவரும் கட்டணமின்றிப் பெறலாம் என்றும் தீர்மானிக்கப்பட்டது. இதற்கு முன்னின்றவர் ஏபியல் அபொட் என்னும் மதகுரு. தபாற்கந்தோரும் இயங்கிய கடையொன்றில் நூல்கள் வைக்கப்பட்டன. தபாலதிபரே நூலகரானார். கட்டடம் எழும்வரை காத்திராமல், அவ்வூரார் நூல்களை முதலில் வாங்கினர்.

அந்நிதி வந்த வழியும் அறியத்தக்கது. டார்ட்மத் கல்லூரியைத் தனது ஆட்சியின் கீழ்க் கொண்டுவர அவ்விராச்சியம் செய்த முயற்சி, 1819 இல் அமெரிக்க உயர்நீதிமன்றத்தில் தோல்வியுற்றது. அதன்பின் அரசுக் கல்லூரியொன்றை நிறுவும் நோக்குடன், 1821 இல் வங்கிகள் மீது வரி விதித்து ஒரு கல்வி நிதி திரட்டப்பட்டது. கல்லூரி தோன்றவில்லை. 1820களின் இறுதியில் அப்பணம் ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இலவசப் பாடசாலைகளுக்கோ வேறு கல்வி நோக்கங்களுக்கோ அதனைச் செலவிடலாம் எனச் சட்டம் கூறியது. அந்த 'வேறு கல்வி நோக்கங்கள்' என்னும் ஏற்பாட்டினுள் நூல்நிலையமும் அடங்கும் எனக் கண்டதே பீற்றர்பரோ மக்களின் சாதனை. சட்டம் திறந்துவைத்த வாயிலை அவர்கள் கண்டார்கள், துணிந்து உட்புகுந்தார்கள்.

இதற்கு முன் நூல்நிலையங்கள் இருக்கவில்லையா எனக் கேட்கலாம். இருந்தன. பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியாவில் 1731 இலேயே சந்தா நூல்நிலையமொன்றைத் தொடக்கினார். பீற்றர்பரோவிலும் பங்குதாரர் நூல்நிலையம் இருந்தது. எனினும் சந்தா செலுத்த இயலாதவனுக்கு அங்கே இடமில்லை. கொடையாளியின் நூல்நிலையமோ கொடையாளியின் மனத்தைப் பொறுத்தது. பொதுப்பணத்தால் நிறுவப்பட்டு, பொதுமக்களின் தீர்மானத்தால் நடத்தப்படும் நூல்நிலையத்தில் மட்டுமே ஆலைத் தொழிலாளியும் ஆலை முதலாளியும் ஒரே உரிமையுடன் நுழைகின்றனர். அங்கு நூல் பெறுபவன் இரவலன் அல்லன், உரிமையாளன்.

ஒரு சிற்றூரின் செயல் அத்துடன் நின்றுவிடவில்லை. 1849 இல் நியூ ஹம்ப்ஷயர் இராச்சியம், ஊர்கள் நூல்நிலையத்திற்கென வரி விதிக்கலாம் எனச் சட்டமியற்றியது. மறு ஆண்டு, 1850 இல், பிரித்தானியப் பாராளுமன்றமும் பொது நூல்நிலையச் சட்டத்தை நிறைவேற்றியது. பொஸ்ரன் மாநகரின் பொது நூல்நிலையம் 1854 இல்தான் திறக்கப்பட்டது. மாநகரங்கள் தயங்கி நின்ற காலத்தில் சிற்றூர் முந்திக்கொண்டது. "எமது சபை சிறியது, வருவாய் குறைந்தது" எனக் கைவிரிப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

நமது வரலாற்றிலும் இப்பாடம் உண்டு. பீற்றர்பரோவுக்குச் சரியாக நூறாண்டுகளின் பின், 1933 இல், யாழ்ப்பாணத்தில் நீதிமன்றச் சக்கடத்தார் க. மு. செல்லப்பா தமது இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அது பொது நூல்நிலையமாயிற்று. பின்னர் நகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. 1959 இல் எழில்மிகு கட்டடம் கண்டது. 1981 ஆம் ஆண்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள்களே இருக்க, மே 31 ஆம் திகதி இரவு அது தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒரு மக்களின் பொதுச்சொத்து எது என்பதை, அதனைக் கொளுத்தியோர் நன்கறிந்திருந்தனர். அதனைக் காக்கவேண்டிய நாம் அவர்களிலும் குறைவாக அறிந்திருத்தல் தகுமா?

நகரசபைகளும் பிரதேச சபைகளும் நடத்தும் நூல்நிலையங்களும் வாசிகசாலைகளும் இன்று நம் ஊர்கள்தோறும் உள்ளன. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிவுற்றது. 2025 மே 6 இல் தேர்தல் நடைபெறும்வரை, இரண்டாண்டுகளுக்கு மேல், மக்கள் தெரிந்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது உறுப்பினர் உளர். வரவு செலவுத் திட்டமும் அவர்கள் கையில் உள்ளது. ஆகவே சாக்குப்போக்குக்கு இடமில்லை.

கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூல்நிலையம் எதற்கு என்பாரும் உளர். ஓர் அறையில் ஐவர் உறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அமைதியாக அமர்ந்து படிக்கும் மேசையைக் கைத்தொலைபேசி தருமா? ஊரின் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் அடுத்த தலைமுறைக்கென அது சேமித்து வைக்குமா?

நாம் கேட்பன மூன்று. ஒவ்வொரு சபையும் நூல் வாங்குவதற்கென ஆண்டுதோறும் தனித் தொகை ஒதுக்கி, அதனை வேறு தேவைக்கு மாற்றாது செலவிட வேண்டும். கட்டணமோ, சொத்துள்ள பிணையாளரோ வேண்டும் என்னும் விதி எங்கேனும் இருப்பின், அது நீக்கப்பட வேண்டும். ஏழையின் பிள்ளையைத் தடுக்கும் நூல்நிலையம் பொது நூல்நிலையம் ஆகாது. தொழிலாளரும் மாணவரும் வரத்தக்க மாலை வேளையில் கதவு திறந்திருக்க வேண்டும்.

வரியிறுப்பாளர்களே! அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, உங்கள் உறுப்பினரிடம் வீதியைப் பற்றிக் கேளுங்கள். விளக்கைப் பற்றிக் கேளுங்கள். நூல்களைப் பற்றியும் கேளுங்கள். பீற்றர்பரோவின் ஊரவர் ஒரு கூட்டத்தில், ஒரு தீர்மானத்தில் செய்து முடித்ததை, நம்மாலும் செய்ய முடியும்.