பட்டாளத்துக் கத்தி இருக்கு... பதினைந்து நாள் மாத்திரை இருக்கா?

உங்க வீட்டு மருந்து டப்பாவை இப்பவே ஒரு தடவை திறந்து பாருங்களேன். பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? மூணு நாள்? நாலு நாள்? 'தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிக்கலாமே' என்றுதானே நினைக்கிறீர்கள்! எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பெரியப்பாவுக்கு ஊர் எப்போதும்வென்றான். தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் இருக்கிறது. பேரைக் கேட்டதும் 'யாரு, யாரை வென்றான்?' என்று கேட்காதவர்கள் குறைவு. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை வராதா என்று ஏங்கியே பழக்கப்பட்ட ஜனங்கள். அங்கே போய் 'வெள்ளத்துக்குத் தயாரா இருங்க' என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாமல் கொட்டியது மழை. மறுநாள் காலைக் கணக்குப்படி காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் பூராவும் பெய்கிற மழையே அவ்வளவு கிடையாது! கோவில்பட்டிப் பக்கமும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நனைந்துவிட்டால் காலை வைத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். கரண்ட் போச்சு, செல்போன் போச்சு, பஸ் போச்சு.

பெரியப்பா இருபது வருஷமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஞாயிறு ராத்திரி அட்டையைப் பார்த்தால் இரண்டே இரண்டு மிச்சம். திங்கட்கிழமை கோவில்பட்டி போய் வாங்குவதாக இருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து சென்னையிலிருந்து பேரன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பட்டாளத்துக்காரர்கள் மாட்டுகிற மாதிரி பச்சைப் புள்ளி போட்ட பை ஒன்று வைத்திருந்தான். ஆபத்துக் காலத்தில் உயிர் பிழைக்க உதவுமாம். மடக்குக் கத்தி, திசைகாட்டி, கயிறு, கண்ணைக் கூசுகிற டார்ச் எல்லாம் உள்ளே இருந்தன. செவ்வாய்க்கிழமை ராத்திரி பெரியப்பாவுக்கு வலிப்பு வந்தபோது பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஏலே, ஒம் பையில மாத்திரை இருக்காடே?"

இல்லை.

டிராக்டரில் படுக்க வைத்துக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் பட்ட பாட்டை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை. பிழைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பேரனைக் குறை சொல்லி என்ன பண்ண? அவன் மட்டுமா! 2025 மே 7-ஆம் தேதி நாடு முழுக்க சிவில் டிஃபென்ஸ் ஒத்திகை நடந்தது. நம் பக்கம் சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். அதற்கப்புறம் 'பட்டாளத்துச் சாமான்' வாங்கும் ஆசை பல வீடுகளில் புகுந்துவிட்டது. முகமூடி என்ன, கத்தி என்ன! எனக்கென்னவோ இதெல்லாம் விளையாட்டுச் சாமானாகத்தான் படுகிறது. பட்டாளத்தில் சிப்பாய் பையை மட்டும் மாட்டிக்கொண்டு போவதில்லை. அவருக்குப் பின்னால் டாக்டர், மருந்து, சமையல், லாரி என்று ஒரு ஊரே வருகிறது. நமக்குப் பின்னால் யார் வருவார்கள்?

யுத்தத்திலிருந்து நம் வீட்டுக்கு வரவேண்டிய சாமான் ஒன்று உண்டு. 1971 பங்களாதேஷ் யுத்தத்தின்போது எல்லையோரம் பொங்காவ் அகதி முகாமில் காலரா. ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலநாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைச் சொந்தக்காரர்கள் கையில் கொடுத்து, நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது! 2022-இல் அவர் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர்தான் இன்றைக்கு நாம் சொல்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்துவிட்டதா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கை அளவில் அள்ளிப் போடாதீர்கள், குழந்தைகளுக்கு ஆபத்து.

ஆகவே, கத்திக்குப் பதில் என்ன வைக்கலாம்? முதலில், வீட்டில் யார் யார் தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்களோ, அதில் பதினைந்து நாளைக்கு எப்போதும் கையிருப்பு. பிரஷர், இருதயம், வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமா பம்ப் எதுவானாலும் சரி. இதைத் 'தனியா எடுத்து வச்சுட்டேன்' என்று பரணில் போட்டுவிடாதீர்கள். புதுசு வாங்கினதும் பழசை எடுத்துச் சாப்பிட்டு, புதுசை உள்ளே வையுங்கள். தேதி முடியாது, காசும் வீணாகாது. டாக்டர் சீட்டின் ஜெராக்ஸை பிளாஸ்டிக் கவரில் போட்டு அதோடு வைத்துவிடுங்கள். கூடவே ஓ.ஆர்.எஸ்., குளோரின் மாத்திரை, கட்டுத்துணி, டார்ச், ஒரு விசில். ஆன்டிபயாடிக் மட்டும் நீங்களாகவே வாங்கிச் சேர்க்க வேண்டாம். அப்புறம் தீப்பெட்டி! தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிச் சீமையிலேயே அந்த மூணு நாளும் பெரியம்மாவால் அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை, அத்தனையும் நமுத்துவிட்டது.

சர்க்கரைக்காரர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடரும் இருக்கட்டும். எங்க ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, பசிக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கினால் அது சரிப்படாது. கடலையில் இருக்கிற எண்ணெய்ச் சத்து வேலையைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ்தான், இல்லாவிட்டால் வெறும் சர்க்கரை.

இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனதும் பதறுவார்கள். உபயோகத்தில் இருக்கிற பாட்டில் வெயிலும் சூடும் படாத இடத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். மற்றதுக்கு நம் மண்பானைதான் ஃபிரிட்ஜ். பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலின். ஐஸ்கட்டி மேல் நேராக வைத்துவிடாதீர்கள், உறைந்துபோன இன்சுலினைக் கொட்டத்தான் வேண்டும்.

வெள்ளம் வந்தால் பாம்பும் வரும். இந்த இடத்தில்தான் அந்தக் கத்தி நிஜமாகவே ஆபத்து! கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷமுறிவு ஊசி வீட்டில் வைத்துப் போடுகிற சமாசாரம் இல்லை.

'எல்லாம் சரி, பதினைந்து நாள் மாத்திரைக்குக் கூடுதல் பணம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஜெனரிக் மருந்து மலிவாகக் கிடைக்கிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் வந்திருக்கின்றன. என் ஆதங்கம் வேறே. 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஐப்பசி மழை ஆரம்பிக்கும் முன்னால், அக்டோபரில் ஒரே ஒரு தடவை, பதினைந்து நாள் அதிகமாகக் கொடுத்தால் என்ன? நம் குடும்ப டாக்டர்களும் அந்த மாசம் முப்பது நாளுக்குப் பதில் நாற்பத்தைந்து நாளுக்கு எழுதலாமே! நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய 800 பயணிகள். ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது. எல்லாம் 19-ஆம் தேதிதான். அதற்கு முன்னால் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். பட்டாளம் வரத்தான் செய்யும். ஆனால் ஹெலிகாப்டரில் போடுகிற பொட்டலத்தில் உங்க அப்பாவின் மாத்திரை இருக்காதே!

போன மாசம் எப்போதும்வென்றான் போயிருந்தேன். பேரனின் பச்சைப் புள்ளிப் பை பெரியப்பா கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. உள்ளே மாத்திரை அட்டைகள், சீட்டு, ஓ.ஆர்.எஸ். கத்தியைப் பெரியம்மா அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டார். கருவாடு நறுக்க நல்லா இருக்காம்.