தாய்ப்பால் ஆலோசகர்... ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இந்த 4 கேள்விகளைக் கேளுங்க!

'பால் பத்தலையோ?' பிரசவமான வீட்டில் இந்தச் சந்தேகம் எழுந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு யோசனை வரும். அம்மா பால் சுறா புட்டு என்பார், அத்தை பூண்டு என்பார், பக்கத்து வீட்டு அக்கா பவுடர் பால் டின்னோடு வந்து நிற்பார். இந்த வரிசையில் புதுசாகச் சேர்ந்திருப்பவர், உங்கள் இன்ஸ்டாகிராமில் அடிக்கடி வரும் 'லேக்டேஷன் கன்சல்டன்ட்', அதாவது தாய்ப்பால் ஆலோசகர்.

இவர்களுக்கான தேவை நிஜம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 சதவிகிதம்தான். தேசிய சராசரியோ 63.7. ஆஸ்பத்திரி வசதியில் முன்னால் நிற்கும் நாம், இதில் பின்னால் நிற்கிறோம்.

ஒரு காரணத்தை யோசித்துப் பாருங்கள். சீம்பாலுக்குப் பிறகு பால் நன்றாக ஊறத் தொடங்குவது 2 முதல் 5 நாள்களுக்குள். மார்பு கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பது, குழந்தை சரியாகக் கவ்வாதது எல்லாம் ஆரம்பிப்பதும் அப்போதுதான். பலரும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருவதும் அதே நாள்களில்தான். கேட்க ஆளில்லாத அந்த நேரத்தில்தான் கை போனைத் தேடுகிறது.

சிக்கல் என்னவென்றால், டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் பதிவு கட்டாயம். 'லேக்டேஷன் கன்சல்டன்ட்' என்று பயோவில் போட்டுக்கொள்ள அப்படி எந்தக் கட்டாயமும் இங்கே இல்லை. அதனால் சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில்தான்.

1. என்ன படிச்சிருக்கீங்க?
இந்தத் துறையில் சர்வதேச அளவில் மதிக்கப்படும் தகுதி, 'ஐ.பி.சி.எல்.சி'. 1985-ல் தொடங்கியது. பாடங்கள், பல நூறு மணி நேர நேரடி அனுபவம், தேர்வு எல்லாம் முடித்தால்தான் கிடைக்கும். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உருவாக்கிய 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர்களும் அடிப்படைப் பிரச்னைகளுக்கு உதவலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

2. சான்றிதழ் இப்போ செல்லுமா?
ஐ.பி.சி.எல்.சி என்று சொன்னால், சான்றளிக்கும் அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கேட்டதும் கோபப்படுகிறவர் வேண்டாம்.

3. பால் கொடுக்கிறதைப் பார்ப்பீங்களா?
குழந்தை கவ்வுவதையும் விழுங்குவதையும் பார்க்காமல், வாட்ஸ்அப்பில் 'டயட் சார்ட்' மட்டும் அனுப்புவது ஆலோசனை இல்லை. எடை விவரம், எத்தனை முறை சிறுநீர் போகிறது என்பதையெல்லாம் கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

4. எதையாவது விக்கிறீங்களா?
பம்ப், லட்டு, பவுடர் என்று முதல் பேச்சிலேயே லிங்க் வந்தால் உஷார். குழந்தைகளுக்கான பவுடர் பாலையும் ஃபீடிங் பாட்டிலையும் விளம்பரப்படுத்த 1992-ம் வருடச் சட்டமே தடை விதிக்கிறது.

ஆலோசகருக்கும் எல்லை உண்டு. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 முறைகூட குழந்தை சிறுநீர் போகவில்லை, 2 வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறது, உங்களுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் வருகிறது என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள். இதையெல்லாம் 'நானே சரிபண்றேன்' என்பவர் ஆபத்தானவர். நல்ல ஆலோசகர் தானாகவே 'டாக்டரைப் பாருங்க' என்பார்.

குழந்தை அழுதாலே பால் பத்தவில்லை என்று அர்த்தமில்லை. பம்ப்பில் குறைவாக வந்தாலும் அப்படித்தான். பயத்தை வைத்து பேக்கேஜ் விற்கிறவரிடம் பணம் போவதோடு, 'என்னால முடியாதோ' என்ற எண்ணமும் உங்களுக்குள் உட்கார்ந்துவிடும். பணம் கட்ட வசதியில்லை என்றால், அரசு மருத்துவமனை செவிலியரிடமோ, உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள். முடிந்தால் இந்த விசாரிப்பையெல்லாம் ஏழாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ராத்திரி 2 மணிக்கு, அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாருடைய சான்றிதழையும் சரிபார்க்க முடியாது.