பயணம் பரம்பரைச் சொத்தா?

கடல் கடந்து பொருள் தேடிய சமுதாயம் நம்முடையது என்று மேடைதோறும் முழங்குகிறோம். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுட்டிக் காட்டுகிறோம். இரங்கூன் வணிகத்தை நினைவூட்டுகிறோம். ஔவையின் வாக்கையும் துணைக்கு அழைக்கிறோம். பெருமை பொய்யன்று. ஆனால், அப்பெருமைக்கு விலை கொடுத்தவர் யார் என்று எந்த மேடையும் கேட்பதில்லை.

திருப்புட்குழியில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான். ஒருமுறை சேர்க்கை ஏட்டில், ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ஒரு சிறுவன் ‘சவூதி’ என்று எழுதினான். “அது நாடல்லவா? அத்தா அங்கே என்ன வேலை பார்க்கிறார்?” என்றேன். விழித்தான், அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய பூட்டனார் பர்மாவுக்குப் போனவர். பாட்டனார் மலேசியாவுக்குப் போனவர். ஊர்ப்பெயர் மாறியது; வீட்டில் தகப்பன் இல்லாத குறை மட்டும் மாறவில்லை.

பிழைக்கப் போனால் பிரிவு இயல்புதானே என்பர் சிலர். துருக்கியரைப் பாருங்கள். 1961-இல் ஜெர்மனியோடு செய்த ஒப்பந்தப்படி அவர்களும் தனியராய்த்தான் போனார்கள். ‘விருந்தினர் தொழிலாளர்’ என்றே அழைக்கப்பட்டார்கள். பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைகளின் கண்ணீர் அவர்களுக்கும் உண்டு. எனினும் 1973-இல் ஜெர்மனி ஆள் எடுப்பதை நிறுத்தியபோது, பலர் மனைவி மக்களை அங்கேயே வரவழைத்துக் கொண்டனர். 2000-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், நெடுங்காலம் முறைப்படி வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமைக்கு வழிவகுத்தது. மொழிச் சிக்கலும் இனவெறுப்பும் அவர்களை விடவில்லை. ஆயினும் பேரன் கண் முன்னே பாட்டன் இருந்தான்.

நமக்கோ வளைகுடா அந்த வாயிலைத் திறக்கவில்லை. குறைந்த ஊதியக்காரர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அங்கே இசைவில்லை. அங்கேயே பிறந்த நம் பிள்ளைக்கும் குடியுரிமை கிட்டாது. ஆகவே மூன்றாம் தலைமுறையும் முதல் தலைமுறையைப் போலவே தனியே போகிறது. விடுமுறைக்கு விருந்தாளியாய் வருகிறது.

மார்க்கம் இதைப் புகழ்ந்ததா? பயணம் வேதனையின் ஒரு கூறு என்றும், காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புக என்றுமன்றோ நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள்! கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தியின் இரவுப் புலம்பலைக் கேட்ட கலீஃபா உமர் (ரலி), தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, போர்வீரர் வீட்டைப் பிரிந்திருப்பதற்கே வரம்பு விதித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள. நாமோ ஈராண்டைச் சாதாரணம் என்கிறோம்!

வறுமை துரத்தப் போகிறவனை நான் குறை கூறவில்லை, அவன் தியாகி. வேறு வழி தேடாமல் அவனை வழியனுப்பி வைக்கும் நம்மைக் கூறுகிறேன். இதே காஞ்சி மாவட்டத்துத் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வடமாநில இளைஞர்கள் வந்து உழைக்கிறார்கள். நம் பிள்ளையோ பத்தாம் வகுப்பு முடியுமுன் பாஸ்போர்ட்டைக் கனவு காண்கிறான். தொழிற்கல்வியை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

ஜமாஅத்துப் பெரியோர்களே! மினாராவுக்கு நன்கொடை கேட்டு வளைகுடாவுக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அங்கிருந்து திரும்ப எண்ணுகிறவன் ஊரில் ஒரு கடை வைக்க நிதி திரட்டினீர்களா? வட்டியில்லாக் கடனுக்கு வழி செய்தீர்களா? நிக்காஹ் பேசும்போது மஹரைப் பேசுகிறீர்கள். மாப்பிள்ளை எப்போது ஊரோடு வந்து தங்குவார் என்று பெண்ணின் சார்பில் ஒருவரேனும் கேட்டதுண்டா?

பயணம் ஒரு தலைமுறையின் தேவையாக இருக்கலாம். அதைப் பரம்பரைச் சொத்தாக்கிப் பேரனிடம் ஒப்படைப்பது நம் குற்றம். அடுத்த ஆண்டுச் சேர்க்கை ஏட்டில், தந்தையின் தொழிலுக்கு நேரே ஒரு தொழிலின் பெயரைக் காண விரும்புகிறேன்.