கரிசலிலிருந்து மலையகத்துக்கு இரண்டு வாரம்

பெருநகரத் தனியார் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் வெளிநாடு போய்வந்து, அதைப் படிப்பில் இரண்டு மூன்று கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்வது இன்று புதிதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பயணம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுகிய காலக் கல்விப் பயணம் பட்டப்படிப்பின் பகுதியாக வேண்டும். அது முதலில் போய்ச் சேர வேண்டியது சங்கரன்கோவில் பக்கத்துக் குருவிகுளம் போன்ற ஊர்களிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களிடம். அவர்கள் கால் வைக்க வேண்டிய முதல் வெளிநாடு இலங்கை. அதிலும் குறிப்பாக அங்குள்ள தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம்.

இரண்டு வாரத்தில் ஒரு நாட்டைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாடு முழுவதும் தெரிந்துவிடாது. ஆனால் கையில் ஒரு கேள்வியோடு போகிறவருக்கு இரண்டு வாரம் நிறையவே தரும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியது. மாதக்கணக்கில் தங்கிப் படிப்பதற்குப் பெயர்போன அந்தத் திட்டத்தில் 2021 முதல் குறுகிய காலப் படிப்புகளுக்கும் இடம் உண்டு. நேரில் தங்குவது 5 முதல் 30 நாள், அதோடு இணையவழி வகுப்பு கட்டாயம், முடித்தால் குறைந்தது 3 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு வேண்டும். ஐந்து நாள் பயணத்தில் 75 மணி நேரம் படித்துவிட முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. மிச்ச உழைப்பு புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் நடக்கிறது. கிரெடிட்டின் பெரும்பங்கு அதற்குத்தான். முன்கூட்டிய படிப்பு என்ன தரும் என்பதற்குத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் ஓர் எடுத்துக்காட்டு. அவர் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் படித்தவர். 1679-இல் அச்சான தமிழ் – போர்த்துகீசிய அகராதி வாடிகன் நூலகத்தில் அவர் கண்ணில் பட்டதென்றால், அதை அடையாளம் காணும் படிப்பு அவரிடம் முன்பே இருந்தது. அந்த நூலகத்துக்கு எத்தனையோ பேர் போய்வந்திருக்கிறார்கள்.

மலையகத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1820-களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கும் பின்னால் வந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் போனது பழைய திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லாத மானாவாரிக் கிராமங்களில்தான் தோட்டத்துக்குக் கூலிகளைத் திரட்டிய கங்காணிக்கு ஆள் கிடைத்தது. தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையிலும் வடகிழக்கே மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். போகிறவரிடம் ஒரு சிறு தகர வில்லை இருக்கும். அதில் அவருடைய பெயர் இருக்காது, அவர் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறித்திருக்கும். வழிச்செலவு கடனாக அவர் கணக்கில் ஏறும். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களின் வாரிசுகளை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இந்தக் கதையின் ஒரு முனை நம் கரிசலில் இருக்கிறது, மறுமுனை நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த மண்ணின் மாணவர்களுக்கு வாய்த்ததைப் போல வேறு யாருக்கும் வாய்க்காது.

இதைப் பாடமாக்குவது கடினமில்லை. நம் பல்கலைக்கழகங்களில் களப்பணிக்கு ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். நான்கு கிரெடிட் என்று வைத்தால் 120 மணி நேரம் வருகிறது. முதல் 40 மணி நேரம் ஊரில். ‘கண்டிக்குப் போனவங்க’ என்று இன்றும் பேச்சில் வரும் குடும்பங்களின் மூத்தவர்களைக் கேட்டு எழுத வேண்டும், பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 50 மணி நேரம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை உண்டு, தோட்டங்களும் தொலைவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கும் பெண்களின் ஒரு நாள் உழைப்பை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பதை, மாசியில் ஆடும் காமன் கூத்தை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பார்த்து எழுதலாம். திரும்பி வந்து 30 மணி நேரம் எழுத்து, பிறகு நேர்முகத் தேர்வு. போட்டோவும் வருகைச் சான்றிதழும் மட்டும் கொண்டுவருபவருக்குப் பூஜ்யம் போடும் துணிவு பல்கலைக்கழகத்துக்கு வேண்டும்.

இதையெல்லாம் உள்ளூரிலேயே செய்யலாமே, பக்கத்துக் கழுகுமலையில் இல்லாத பாடமா என்று கேட்கலாம். பாதி சரி. கழுகுமலையின் சமணச் சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்தில் மாணாக்கர், மாணாக்கியர், குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் எனப் பலருடைய பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கின்றன. குமரி மாவட்டத்துச் சிதறால் மலையான திருச்சாரணத்துக்காரர்களும் அதில் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே படிப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த பெண்கள் இந்த வட்டாரத்தில் இருந்திருக்கிறார்கள். களப்பணியின் முறையை அங்கேதான் பழக வேண்டும், அதைத் தாண்டாமல் யாரையும் விமானம் ஏற்றக் கூடாது. ஆனால் சொந்த ஊரில் கிடைக்காத ஒன்று வெளியே உண்டு. தன்னைப் போலவே பேசும் மக்கள் வேறொரு நாட்டில், வேறொரு சட்டத்தின் கீழ், சிங்களவரோடும் முஸ்லிம்களோடும் வாழ்வதைப் பார்க்கும்போதுதான் ‘இது இப்படித்தான்’ என்று நினைத்திருந்த பலவும் ஆட்டம் காணும்.

பணத்தைப் பற்றிய ஆட்சேபத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயை நம்பிப் படிக்கும் மாணவிக்குப் பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாயே பெரிய தொகை. அதனால்தான் இதை மாணவர் செலவில் விடக் கூடாது என்கிறேன். வீட்டுப் பணத்தில் போய் வாங்கும் கிரெடிட் என்றால் அது மதிப்பெண்ணை விலைக்கு விற்பதுதான். அந்த முறை வருமானால் நானே எதிர்ப்பேன். கல்லூரிகளில் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் பயணத்துக்குச் செலவா என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நான் முதல்வன் திட்டத்தில் தேர்வான பொறியியல் மாணவர்களை 2024-இல் ஒரு வாரப் பயிற்சிக்கு இங்கிலாந்தின் டர்ஹாமுக்கு அரசே அனுப்பியது. பொறியியலுக்குச் செய்ததை வரலாறும் தமிழும் படிப்பவர்களுக்கும் செய்யலாம். இங்கிலாந்தைவிட இலங்கைக்கு ஆகும் செலவு பல மடங்கு குறைவு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பட்டம் கொடுக்க 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கூட்டுப் பட்ட விதிகள், நாக் தர மதிப்பீட்டில் 3.01 மதிப்பெண் அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறில் இடம் போன்ற தகுதியைக் கேட்கின்றன. பல கிராமப்புறக் கல்லூரிகளுக்கு அந்தக் கதவு திறக்காது. அதற்காகக் காத்திருக்கத் தேவையும் இல்லை. வெளிநாட்டுப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. களப்பணித் தாளுக்கு நம் பல்கலைக்கழகமே கிரெடிட் கொடுக்கப்போகிறது. திருநெல்வேலியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இதை ஒரு விருப்பப் பாடமாகக் கல்விக் குழுவில் வைத்து, முதல் ஆண்டில் இருபது மாணவர்களோடு தொடங்கலாம். அந்த இருபதில் பாதிக்கு மேல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.